டேங்கர் கவிழ்ந்தால் முதல் கால் மணி நேரம்: வாளையார் சாலைக்காரர்களுக்கு ஒரு தொடக்கப் பாடம்

தமிழ்நாடு - கேரள எல்லையிலுள்ள வாளையார் செக்போஸ்ட் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். கொச்சியிலிருந்து வரும் கேஸ் டேங்கர், பெட்ரோல் டீசல் லாரி, ஆசிட் வண்டி, ஸ்பிரிட் (எரிசாராயம்) டேங்கர், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாதபடி தார்ப்பாய் போட்டு மூடிய லாரி என்று 544-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இரவு பகல் பாராமல் ஓடிக்கொண்டிருக்கும். மேற்கே கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டை, கிழக்கே எட்டிமடை, மதுக்கரை, கோவை. இந்த வண்டிகளில் ஒன்று கவிழ்ந்தால் முதலில் வந்து நிற்கப்போவது ஒரு தீயணைப்பு வண்டியும் அதிலிருக்கும் சில வீரர்களும்தான். நிபுணர்கள் வந்து சேர நேரமாகும்.

அந்த வண்டியில் புதிதாக ஏறியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையார் பக்கத்தில் சிவில் டிபென்ஸ் தொண்டராகப் பெயர் கொடுத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பயன்படும்.

வைக்கோல் போர் எரிந்தாலோ கடை பற்றிக்கொண்டாலோ எவ்வளவு சீக்கிரம் தண்ணீர் அடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. பயிற்சி முழுவதும் அந்த வேகத்தைத்தான் உடம்பில் ஏற்றுகிறது. ரசாயனம் சம்பந்தப்பட்ட விபத்தில் அதே வேகம் ஆளைக் கொன்றுவிடும். இங்கே முதல் வேலை தள்ளி நிற்பது. இரண்டாவது, உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொள்வது. தண்ணீரைத் திறப்பதா வேண்டாமா என்ற கேள்வியே அதற்கு அப்புறம்தான் வரும்.

தீ எரிந்தால்தான் ஆபத்து என்றும் இல்லை. 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தில், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற திரவத்தின் ஆவி கசிந்தபோது எங்கும் தீ எரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடினார்கள், ஓடும்போதே தெருவில் சுருண்டு விழுந்தார்கள். பன்னிரண்டு பேர் இறந்தார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்பதற்காக ஒரு கசிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதலில் காற்று

எல்லாப் பயிற்சிக் கையேடும் ‘காற்று வரும் திசையிலிருந்து அணுகு’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகும். அதாவது காற்று உங்கள் முதுகில் பட வேண்டும், கசியும் வண்டி உங்களுக்கு முன்னால் இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாயில் வேலை செய்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதாது. மேற்குத் தொடர்ச்சி மலை இவ்வளவு அகலமாக வழிவிடும் இடம் வேறு கிடையாது. காற்று இங்கே குவிந்து வேகம் பிடிக்கிறது. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நட்டு வைத்திருப்பது சும்மா இல்லை.

ஆனி, ஆடியில் மேல்காற்று. கேரளத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் அடிக்கும். அந்த மாதங்களில் வாளையாரில் கேஸ் கசிந்தால் கோவையிலிருந்து மேற்கு நோக்கிப் போகும் வண்டிக்குக் காற்று எதிர்முகமாக இருக்கும். வண்டியைப் பார்ப்பதற்கு முன்பே கேஸுக்குள் நுழைந்துவிடுவார்கள். மார்கழி, தையில் காற்று அப்படியே திரும்பிக் கிழக்கிலிருந்து அடிக்கும். அப்போது அதே சிக்கல் கஞ்சிக்கோட்டிலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ வரும் வண்டிக்கு. ஆகவே ஒரே இடத்தில் நடக்கும் ஒரே மாதிரி விபத்துக்கு, எந்த மாநிலத்து வண்டி முன்னால் போக வேண்டும் என்பதை மாதம் தீர்மானிக்கிறது. இரண்டு பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைகளும் முதல் நிமிடத்திலேயே பேசிக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. எல்லை நம் வரைபடத்தில் இருக்கிறது, காற்றுக்கு இல்லை.

மாதத்தை மட்டும் நம்பிப் போகவும் கூடாது. மழை திரளும்போது காற்று சட்டென்று திசை மாறும். நெருங்கும்போதே கொடி, புகை, மர உச்சி, காற்றாலை இறக்கை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒருவர் கவனித்துக்கொண்டே வர வேண்டும். வந்து நின்ற பிறகும் அந்த வேலையை விடக் கூடாது.

எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டால் வந்த வழியே நேராகத் திரும்பி ஓடுவதில் பயனில்லை. கேஸும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக, பக்கவாட்டில் நகர வேண்டும். மேகத்தின் அகலம் பெரும்பாலும் அதன் நீளத்தைவிடக் குறைவு.

மேடு பள்ளத்தையும் பார்க்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். குளோரின் இரண்டரை மடங்கு. பெட்ரோல் ஆவி, ஸ்டைரீன் ஆவி எல்லாமே கனம்தான். இவை சாக்கடை, ஓடை, பாலத்தடி, சுரங்கப்பாதை என்று பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். வண்டியை மேட்டில் நிறுத்துங்கள், முகப்பு வெளியேறும் திசையைப் பார்த்திருக்கட்டும்.

எவ்வளவு தள்ளி நிற்பது?

பொருள் என்ன என்று தெரியாதவரை எல்லாப் பக்கமும் குறைந்தது 100 மீட்டர். டேங்கரில் சமையல் கேஸ் பெரிய அளவில் கசிந்தால் காற்று போகும் திசையில் 800 மீட்டர் வரை ஆட்களை வெளியேற்ற யோசிக்க வேண்டும். கேஸ் டேங்கரே தீயில் சிக்கியிருந்தால் நாலாபுறமும் 1600 மீட்டர். இவை உலகம் முழுக்கத் தீயணைப்பு வீரர்கள் வண்டியில் வைத்திருக்கும் அவசரகால வழிகாட்டிக் கையேட்டில் உள்ள அளவுகள். முதல் தடவை கேட்பவர்களுக்கு 1600 மீட்டர் மிகையாகத் தோன்றும். டேங்கர் வெடிக்கும்போது அதன் இரும்புத் துண்டுகள் எவ்வளவு தூரம் பறக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

மீட்டர் கணக்குப் போட முடியாத அவசரத்துக்கு ஒரு வழி உண்டு. கையை நீட்டி, கட்டை விரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். விபத்து முழுவதும் விரலுக்குப் பின்னால் மறையவில்லை என்றால் நீங்கள் ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறீர்கள்.

இந்தச் சாலையில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கோவை - பாலக்காடு ரயில் பாதை நெடுஞ்சாலையை ஒட்டியே பல இடங்களில் போகிறது. மேலே மின்கம்பி, கீழே உரசும் சக்கரம். கேஸ் பரவும்போது ரயிலை நிறுத்தச் சொல்லி ரயில்வேக்குத் தகவல் போயாக வேண்டும். சாலையை மட்டும் அடைத்துவிட்டு இதை மறந்துவிடக் கூடாது. அதேபோல, நெரிசலில் கேஸுக்குள் சிக்கி நிற்கும் கார்களை ‘எடு எடு’ என்று விரட்டவும் கூடாது. சாவியைத் திருப்பும் அந்தப் பொறியே போதும். அணைந்து நிற்கும் எஞ்சின் அப்படியே இருக்கட்டும். ஆட்களை இறக்கி நடத்தியே கூட்டிப் போக வேண்டும்.

2012 ஆகஸ்ட் 27 இரவு, கண்ணூருக்குப் பக்கத்தில் சாலா என்ற ஊரில் கேஸ் டேங்கர் ஒன்று சாலை நடுவிலிருந்த தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த கேஸ் அக்கம்பக்கத்து வீடுகள் வரை பரவிய பிறகுதான் பற்றியது. இருபது பேர் இறந்துபோனார்கள். கவிழ்ந்த நொடிக்கும் பற்றிய நொடிக்கும் நடுவில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் தீயணைப்பு வீரர்களின் கையில் இருப்பவை.

வண்டியைப் படிப்பது

தள்ளி நின்று எப்படிக் கண்டுபிடிப்பது? பைனாகுலர் வேண்டும். கைபேசிக் கேமராவில் ஜூம் செய்து பார்த்தாலும் ஓரளவு உதவும்.

முதலில் டாங்கியின் வடிவம். உருண்டு நீண்டு, இரண்டு முனையும் அரைக்கோளமாக இருந்தால் உள்ளே அழுத்தத்தில் அடைத்த பொருள். நம் ஊரில் புல்லட் டேங்கர் என்று சொல்வது இதைத்தான். குறுக்குவெட்டில் நீள்வட்டமாக, முனைகள் தட்டையாக இருந்தால் பெரும்பாலும் பெட்ரோல், டீசல், ஸ்பிரிட். விட்டம் சிறியதாக, சுற்றிலும் வளையம் வளையமாகப் பட்டை போட்டிருந்தால் ஆசிட் போல அடர்த்தி அதிகமான திரவமாக இருக்கலாம்.

அப்புறம் பலகை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, அபாயகரமான சரக்கு ஏற்றிய வண்டியின் இரண்டு பக்கமும் பின்புறமும் அவசரத் தகவல் பலகை இருக்க வேண்டும். அதில் பொருளின் பெயர், அதற்கான நான்கிலக்க ஐ.நா. எண், ஆபத்து வகையைக் காட்டும் சாய்சதுரச் சின்னம், ஆலோசனை கேட்கத் தொலைபேசி எண் எல்லாம் இருக்கும். ஓட்டுநர் பீகாரோ ராஜஸ்தானோ, அவர் பேசுவது நமக்குப் புரியவே வேண்டாம். அந்த நான்கிலக்க எண் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். சமையல் கேஸ் 1075. பெட்ரோல் 1203. டீசல் 1202. அம்மோனியா 1005. குளோரின் 1017. கந்தக அமிலம் 1830. ஸ்பிரிட் 1170. இந்த ஏழையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நம் சாலையில் அடிக்கடி கண்ணில் படுபவை இவைதான்.

சில பலகைகளில் எண்ணுக்கு மேலே ‘ஹாஸ்கெம்’ என்னும் சிறு குறியீடும் இருக்கும். பெட்ரோலுக்கு ‘3ஒய்ஈ’. முன்னால் வரும் இலக்கம் எதை அடிப்பது என்று சொல்கிறது: 1 என்றால் பருந்துளித் தண்ணீர், 2 என்றால் பனி போன்ற மென்தூவல், 3 என்றால் ஃபோம் என்னும் தீயணைப்பு நுரை, 4 என்றால் தண்ணீரே படக் கூடாது, உலர்பொருள் மட்டும். நடு எழுத்து உடையையும் வடிகாலையும் பற்றியது. பி, ஆர், எஸ், டி என்றால் நிறையத் தண்ணீர் விட்டு நீர்த்துக் கழுவிவிடலாம். டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் என்றால் மண் அணை கட்டித் தேக்க வேண்டும், ஓடையில் விடக் கூடாது. வாளையாறு கல்பாத்திப் புழையில் சேர்கிறது, அது பாரதப்புழைக்குப் போகிறது. இங்கே சாக்கடையில் விட்டது வேறு எவர் கிணற்றுக்கோ போய்ச் சேரும். கடைசியில் ‘ஈ’ இருந்தால் சுற்றியிருக்கும் மக்களை வெளியேற்றுவது பற்றி உடனே யோசிக்க வேண்டும்.

பலகை அழிந்தோ பொய்யாகவோ இருக்கலாம். போன சரக்குக்கு மாட்டிய பலகையைக் கழற்றாமல் ஓட்டுபவர்கள் உண்டு. எனவே ஓட்டுநரையோ கிளீனரையோ கண்டுபிடித்துக் கேளுங்கள். ஓட்டுநர் அறையில் சரக்குச் சீட்டும் ‘ட்ரெம் கார்டு’ எனப்படும் அவசரகால அட்டையும் இருக்க வேண்டும். ஓட்டுநர் சொல்வதும் பலகையும் சீட்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனால் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் மூன்றிலும் மோசமானதை உண்மை என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

தண்ணீர் எப்போது நண்பன்?

2025 ஜனவரி 3 அதிகாலையில் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில், கொச்சியிலிருந்து 18 டன் சமையல் கேஸ் ஏற்றி வந்த டேங்கர் கவிழ்ந்தது. கேஸ் கசிந்தது. தீயணைப்பு வீரர்கள் மணிக்கணக்காகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கடைசியில் கிரேன் வைத்துத் தூக்கி அப்புறப்படுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தொலைக்காட்சியில் பார்த்த பலர் ‘தீயே இல்லையே, எதற்குத் தண்ணீர்?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

டாங்கிக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. ஒரு லிட்டர் திரவம் வெளியே வந்தால் சுமார் 250 லிட்டர் கேஸாக விரியும். அது காற்றில் ஏறத்தாழ 2 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். தண்ணீரைத் தூவலாக அடித்தால் அந்த மேகம் கலைந்து அந்த அளவுக்குக் கீழே இறங்கும், பொறியும் அடங்கும். வெள்ளையாகத் தெரியும் பனி, குளிரில் உறைந்த காற்றின் ஈரம். கேஸ் அந்த வெள்ளையைத் தாண்டியும் பரவியிருக்கும். கண்ணுக்குத் தெரிவதை வைத்து எல்லை போடாதீர்கள். கேஸ் அளக்கும் கருவி, தீப்பற்றும் குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கைக் காட்டினாலே பின்வாங்க வேண்டும்.

கசியும் கேஸ் எரிந்துகொண்டிருந்தால்? இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். வால்வை மூட வழியில்லாத நிலையில் அந்தத் தீயை அணைக்கக் கூடாது. அணைத்தால் கேஸ் எரியாமல் சேர்ந்து, வேறெங்கோ பொறி பட்டு மொத்தமாக வெடிக்கும். எரியட்டும், டாங்கியைக் குளிர வையுங்கள். தீ நாக்கு டாங்கியின் மேற்பகுதியில் படுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. திரவம் இருக்கும் அடிப்பகுதி வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே வெறும் ஆவி, அங்கே இரும்பு சீக்கிரம் சூடேறி இளகும். சில நிமிடங்களில்கூட டாங்கி கிழிந்து, உள்ளே கொதித்துக்கொண்டிருந்த அத்தனையும் ஒரே நொடியில் தீக்கோளமாகிவிடலாம். ஆகவே தீ படும் இடத்தில், தூரத்திலிருந்து, முடிந்தால் ஆள் பிடிக்காமலே நின்று தண்ணீர் பீய்ச்சும் ‘மானிட்டர்’ குழாய் வைத்து, இடைவிடாமல் தண்ணீர். பாதுகாப்பு வால்வின் சீறல் உரக்கக் கேட்கத் தொடங்கினாலோ டாங்கி நிறம் மாறினாலோ ஹோஸைப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அம்மோனியாவுக்கும் தண்ணீர் நண்பன்தான், ஆனால் இடம் பார்த்து. ஐஸ் ஃபேக்டரி, மீன் பதப்படுத்தும் கூடம், பால் குளிரூட்டும் நிலையம் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஆவி மேகத்தில் தூவினால் தண்ணீர் அதை உறிஞ்சிக்கொள்ளும். தரையில் தேங்கிய திரவ அம்மோனியா மேல் அடித்தால் அது இன்னும் வேகமாக ஆவியாகி நிலைமை கெடும்.

குளோரின் சிலிண்டர் கசிந்தால் அந்த ஓட்டையின் மேல் தண்ணீர் படவே கூடாது. குளோரினும் தண்ணீரும் சேர்ந்து அமிலமாகி இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் இந்தச் சிலிண்டர்கள் இருப்பதால், உங்கள் பகுதியில் எது எங்கே இருக்கிறது என்று விபத்துக்கு முன்பே போய்ப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

ஸ்பிரிட் இன்னொரு வகை. அதன் தீ வெளிர் நீலம், பட்டப்பகலில் கண்ணுக்கே தெரியாது. சாதாரண ஃபோம் அதன் மேல் நிற்காமல் கரைந்துவிடும். ஆல்கஹாலைத் தாங்கும் ஃபோம் வேண்டும்.

தண்ணீரே பகையாகும் பொருளும் நம் கரைக்குப் பக்கத்தில் வந்தது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன. பன்னிரண்டில் கால்சியம் கார்பைடு. அது தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் கேஸாக மாறி எரியும். கரையில் ஒதுங்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள், 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரித்தது. அதே கார்பைடு லாரியிலும் போகும், மழையிலும் போகும்.

உள்ளே யார் போவது?

நாம் போட்டிருக்கும் தீயுடை வெப்பத்துக்குத்தான், ரசாயனத்துக்கு அல்ல. அம்மோனியா துணி வழியே போய் வேர்வை ஈரமுள்ள அக்குள், தொடை இடுக்கில் எரிக்கும். முழுக்க மூடிய ரசாயன உடுப்பு போட்டுப் பழகியவர்கள்தான் கசிவை அடைக்கப் போக வேண்டும். முதலில் வரும் குழுவின் வேலை தூரத்திலிருந்து காப்பது: அடையாளம் காண்பது, இடத்தை வளைப்பது, மக்களை நகர்த்துவது, சரியான ஆளைக் கூப்பிடுவது.

பி.ஏ. செட் (முகமூடியோடு முதுகில் சுமக்கும் காற்றுச் சிலிண்டர்) போட்டுக்கொண்டால் போதும் என்ற தைரியமும் வேண்டாம். ஆறு லிட்டர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் 1800 லிட்டர் காற்று தரும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்றால் 45 நிமிடம். ஓடியாடி வேலை செய்தால் அதைவிட வேகமாகத் தீரும், திரும்பி வரவும் கழுவிக்கொள்ளவும் காற்று மிச்சம் வேண்டும். உண்மையில் வேலைக்குக் கிடைப்பது அதில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணெதிரே ஒருவர் விழுந்து கிடக்கும்போது தள்ளி நில் என்று சொல்வது கொடுமையாகப் படும். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் ஒருவர் மயங்க, தூக்கப் போன இரண்டாமவர் விழ, அவரைத் தூக்கப் போன மூன்றாமவரும் விழுந்த கதை நம் எல்லா ஊரிலும் இருக்கிறது. அந்தத் தொட்டிகளில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவின் அளவு கூடினால் மூக்கு அதை மோப்பம் பிடிப்பதையே நிறுத்திவிடும். வாசனை போய்விட்டது என்று நினைப்பவர் அதற்குள் மூழ்கிக்கொண்டிருப்பார். பொருள் தெரிந்து, உடுப்பும் காற்றும் இருந்து, வெளியே மாற்றுக் குழு தயாராக நின்றால் மட்டும் உள்ளே போங்கள்.

இடத்தை மூன்றாகப் பிரிப்பார்கள்: கசிவைச் சுற்றிச் சிவப்பு, அதற்கு வெளியே கழுவும் இடமான மஞ்சள், கட்டுப்பாட்டுக் குழுவும் ஆம்புலன்ஸும் நிற்கும் பச்சை. சிவப்பிலிருந்து வரும் எவரும், வீரரோ காயம்பட்டவரோ, மஞ்சளில் கழுவாமல் பச்சைக்கு வரக் கூடாது. முகமூடியைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். காயம்பட்டவரின் உடையைக் களைந்தாலே பெரும்பகுதி ரசாயனம் போய்விடும். கழுவாமல் 108-இல் ஏற்றினால் ஆம்புலன்ஸ் ஊழியரும் மருத்துவமனையும் சேர்ந்து பாதிக்கப்படுவார்கள்.

ஊர் மக்களுக்கு என்ன சொல்வது என்பது பொருளைப் பொறுத்தது. பற்றும் கேஸ் என்றால் சுவிட்சைத் தொடாமல், அடுப்பைப் பற்றவைக்காமல், காற்றுக்குக் குறுக்காக நடந்து போகச் சொல்லுங்கள். விஷ ஆவி ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டது என்றால் ஓடவிடுவதைவிட வீட்டுக்குள் வைத்து, கதவு ஜன்னலை அடைத்து, இடுக்கில் ஈரத்துணி திணித்து, மாடி இருந்தால் மேலே போகச் சொல்வதே பல நேரம் உயிர் காக்கும்.

கடைசியாக, தகவல். 101, 112 இரண்டும் இரு மாநிலத்திலும் வேலை செய்யும், ஆனால் எல்லையில் கைபேசி பக்கத்து மாநிலத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். எந்த மாநிலம், எந்த ஊர் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். சமையல் கேஸ் என்றால் 1906-க்கும் கூப்பிடுங்கள், எண்ணெய் நிறுவன ஆட்கள் கிளம்புவார்கள். ரசாயன விபத்துக்குப் பயிற்சி பெற்ற தேசியப் பேரிடர் மீட்புப் படை அரக்கோணத்தில் இருக்கிறது. ஆந்திரத்துச் சித்தூர், தடா பக்கத்துக்கு அது அருகில், வாளையாருக்கு வந்து சேரப் பல மணி நேரம். வயர்லெஸ்ஸில் ‘டேங்கர் கவிழ்ந்திருக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பலகையிலுள்ள நான்கு இலக்கம், டாங்கியின் வடிவம், கசிவா தீயா, காற்று எந்தப் பக்கம், எத்தனை பேர் உள்ளே, பின்னால் வரும் வண்டி எந்த வழியாக வர வேண்டும் என்று சொல்லுங்கள்.